நடுக்குவாத ஆய்வில் தனித்து நிற்க வரும் இளம் விஞ்ஞானிகளுக்கு நிதி எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் ஏப்ரல் 11ஆம் நாள், நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய்க்கான உலக நாளாகக் கடைப்பிடிக்கப்படும்போது, நோயின் அறிகுறிகள், மாத்திரைகள், உடற்பயிற்சி, ஆழ்மூளைத் தூண்டல் அறுவை சிகிச்சை ஆகியவை பற்றி நரம்பியல் மருத்துவர்கள் நம் நாளிதழ்களில் பயனுள்ள கட்டுரைகளை எழுதுகிறார்கள். அவற்றைப் படித்துவிட்டுக் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் சென்ற குடும்பங்களை நான் அறிவேன். ஆனால், இந்த நோய்க்கு இனி வரவேண்டிய மருந்தை யார் தேடப்போகிறார்கள், அப்படித் தேடுவதற்கு ஓர் இளம் விஞ்ஞானி இந்நாட்டில் தனக்கென ஆய்வகம் அமைத்துக்கொள்ள நிதி எங்கிருந்து வரும் என்ற கேள்வி அக்கட்டுரைகளில் இடம்பெறுவதில்லை. உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையிலும், நடுக்குவாதத்தோடு வாழும் என் அக்காவை வீட்டில் வைத்துக் கவனித்துக்கொள்பவள் என்ற முறையிலும் அக்கேள்வியைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நடுமூளையில் கருந்திட்டாகத் தெரியும் ஒரு சிறு பகுதியில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் உள்ளன. அவை மெல்ல மெல்ல மடிவதுதான் இந்த நோயின் அடிப்படை. கை நடுங்குவதை வீட்டார் கவனிக்கத் தொடங்கும் வேளையில் அவற்றில் ஏறக்குறையப் பாதி ஏற்கெனவே அழிந்துபோயிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகெங்கும் 85 லட்சத்துக்கும் அதிகமானோர் இந்த நோயோடு வாழ்ந்துகொண்டிருந்தனர். 1960களின் இறுதியில் ஜார்ஜ் கோட்சியாஸ் அமெரிக்காவில் லெவோடோப்பாவை உயர்ந்த அளவில் கொடுத்து அதன் பயனைத் தெளிவாகக் காட்டினார். அரை நூற்றாண்டு கடந்த பின்னும் அதுவே முதன்மை மருந்தாக இருக்கிறது. அது குறைந்துபோன டோபமைனை ஈடுசெய்கிறது; அணுக்கள் மடிவதை நிறுத்துவதில்லை. நிறுத்தக்கூடிய மருந்து இன்றுவரை ஒன்றுகூட இல்லை. என் அக்கா காலை ஏழு மணிக்கு விழுங்கும் மாத்திரையின் வேகம் பத்தரை மணிக்கே இறங்கிவிடும். பதினொரு மணி மாத்திரை வேலை செய்யும்வரை, கூடத்துக்கும் அடுப்படிக்கும் இடையிலுள்ள நிலைப்படி அருகே அவருடைய பாதங்கள் தரையைவிட்டு எழும்பாமல் நின்றுவிடும். கீழே ஒரு குச்சியைக் கிடத்தி அதைத் தாண்டச் சொன்னால் கால் எழும்பும். ஆண்டுகள் செல்லச் செல்ல மாத்திரையின் எண்ணிக்கை கூடுகிறது, அது வேலை செய்யும் நேரம் குறைகிறது. லட்சக்கணக்கான வீடுகளில் இதுதான் நிலைமை.

இந்த மருந்து நமக்குக் கிடைத்த வரலாறே என் கோரிக்கைக்கான முதல் சான்று. 1937இல் சென்னையில், பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில், தாமோதரன், ராமசுவாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோப்பாவைப் பிரித்தெடுத்து, பிரிட்டனிலிருந்து வரும் உயிர்வேதியியல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். அதனால் நடுக்குவாதத்துக்குப் பயனுண்டு என்று அன்று எவருக்கும் தெரியாது. இருபது ஆண்டுகள் கழித்து ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஆர்விட் கார்ல்சன், நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரிலிருந்து கிடைத்த ரிசர்ப்பின் மருந்தால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு அதே லெவோடோப்பாவைச் செலுத்தியபோது, அவை எழுந்து நடமாடின. இதற்குச் சற்று முன்புதான் அவர் அமெரிக்காவில் பெர்னார்ட் பிராடி நடத்திய புகழ்பெற்ற ஆய்வகத்தில் சில மாதங்கள் பணியாற்றிவிட்டுத் திரும்பியிருந்தார். செரட்டோனினோடு நில்லாமல் மற்ற மூளை வேதிப்பொருள்களையும் ரிசர்ப்பின் பாதிக்கிறதா என்று பார்க்கலாமே என்று அவர் அங்கே சொன்னபோது, பிராடி அது தேவையில்லை என்று கருதிவிட்டார். இதைக் கார்ல்சனே பின்னாளில் பதிவுசெய்திருக்கிறார். ஊர் திரும்பித் தன் பொறுப்பில் ஆய்வு நடத்தும் வாய்ப்பு இருந்ததால்தான் அவரால் அந்தக் கேள்வியைப் பின்தொடர முடிந்தது. 2000ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. 1960இல் வியன்னாவில் ஓலே ஹோர்னிகிவிச், தன் சக ஆய்வாளர் ஹெர்பர்ட் எரிங்கருடன் சேர்ந்து, இந்த நோயால் மறைந்தவர்களின் மூளையில் டோபமைன் பெரிதும் குறைந்திருப்பதை அளந்து காட்டினார். அந்தக் கண்டுபிடிப்புகளை வெளியிட்டபோது கார்ல்சனுக்கும் ஹோர்னிகிவிச்சுக்கும் வயது 34.

பிராடியைக் குறை சொல்வது என் நோக்கமன்று. எந்த மூத்த விஞ்ஞானியின் ஆய்வகத்திலும் அவருடைய கேள்விகளே முன்னிற்கும். அவர் பெற்ற நிதி அவர் எழுதிய திட்டத்துக்காகவே தரப்பட்டது. நம் பிள்ளைகள் 28, 29 வயதில் முனைவர் பட்டம் பெற்று, அதன்பின் நான்கைந்து ஆண்டுகள் முதுமுனைவர் ஆய்வாளராகப் பணியாற்றும்போது, கருவியும் வேதிப்பொருளும் ஊதியமும் மட்டுமல்லாமல் ஆய்வுக்கான கேள்வியும் நெறியாளருடையதாகவே இருக்கிறது. அக்காலத்தின் இறுதியில், இதுவரை யாரும் கேட்காத ஒரு கேள்வி அவர்களுக்குத் தோன்றியிருக்கும். அதை எடுத்துக்கொண்டு வெளியே வரும் அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் அவர்கள் கையில் எதுவும் இருப்பதில்லை. சொந்த முடிவுகள் இல்லாததால் பெரிய நல்கை, அதாவது ஆய்வுக்கான நிதியுதவி, கிடைப்பதில்லை. நல்கை இல்லாததால் சொந்த முடிவுகளை உருவாக்க முடிவதில்லை. கெட்டிக்காரர்கள் பலர் இந்த இடத்தில்தான் ஆய்வைக் கைவிட்டு மருந்து நிறுவனங்களுக்கும், மென்பொருள் வேலைக்கும், முழுநேரக் கற்பித்தலுக்கும் போய்விடுகிறார்கள்.

இந்த இடைவெளியை மற்ற நாடுகள் பார்க்காமல் விட்டுவிடவில்லை. அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2006இல் தொடங்கிய கே99/ஆர்00 என்ற திட்டத்தில், முதுமுனைவர் ஆய்வாளர் நெறியாளரிடம் இருக்கும்போதே விண்ணப்பிக்கிறார். முதல் கட்டமாக இரண்டாண்டு வரை அங்கேயே நிதி கிடைக்கிறது. எந்தப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு உதவிப் பேராசிரியர் பணி கிடைத்தாலும், இரண்டாம் கட்ட நிதி மூன்றாண்டுகளுக்கு அவரோடு அங்கே செல்கிறது. அந்த நிதி ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலரை நெருங்குகிறது. நிதியானது நிறுவனத்துக்கு உரியதாக இல்லாமல் ஆளுக்கு உரியதாக இருப்பதால், வேலை தேடும்போதே அவர் வெறுங்கையோடு நிற்பதில்லை. ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தின் தொடக்க நல்கை ஐந்தாண்டுகளுக்கு 15 லட்சம் யூரோ வரை தருகிறது. இவற்றுக்கு மேல், பார்க்கின்சன் நோய்க்கென்றே தனி அறக்கட்டளைகள் அங்கு உள்ளன. அமெரிக்காவின் பார்க்கின்சன் அறக்கட்டளை, நரம்பியல் அறிஞர் ஸ்டான்லி ஃபானின் பெயரில் இளநிலைப் பேராசிரியர்களுக்கு நல்கை வழங்குகிறது. 29 வயதில் இந்த நோய்க்கு ஆளான நடிகர் மைக்கேல் ஜே.ஃபாக்ஸ் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய அறக்கட்டளை இதுவரை 200 கோடி டாலருக்கு மேல் ஆய்வுகளுக்குக் கொடுத்திருக்கிறது. நம் நாட்டில் செல்வந்தர் கொடை இல்லாமல் இல்லை. இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் குடும்பத்தார் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையத்துக்கு 225 கோடி ரூபாய் அளித்ததையும், சென்னை ஐஐடியில் மூளை மையம் அமைய உதவியதையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும். ஆனால் அவை நிறுவனங்களை உருவாக்கிய கொடைகள்; தனித்து நிற்க வரும் ஆய்வாளருக்கானவை அல்ல.

நம் நாட்டில் இளம் விஞ்ஞானிகளுக்குத் திட்டங்களே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் ஆசிரியர் நல்கை ஐந்தாண்டுகளுக்கு மாதம் 1.25 லட்சம் ரூபாய் ஊதியமும், ஆண்டுக்கு 7 லட்சம் ரூபாய் ஆய்வுச் செலவும் தருவதாக அமைந்தது. ஆனால் பொதுப்பிரிவினருக்கு அதன் வயது வரம்பு 32. கார்ல்சனும் ஹோர்னிகிவிச்சும் தம் கண்டுபிடிப்புகளைச் செய்த வயதில் இதற்கு விண்ணப்பிக்கவே முடியாது. ஆண்டுக்கு 7 லட்சம் என்பதும் இந்தத் துறைக்குப் போதாது. ஒரு புரதத்தை அடையாளம் காட்டும் எதிர்ப்பொருள் சிறு குப்பி ஒன்றே முப்பது, நாற்பது ஆயிரம் ரூபாய் விலையாகிறது. மத்திய அரசின் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை அறிவித்த பிரதமர் இளநிலை ஆய்வாளர் நல்கை, மூன்றாண்டுகளுக்கு 60 லட்சம் ரூபாய் வரை தருகிறது; வயது வரம்பும் 42 என்பதால் அது வரவேற்கத்தக்க முன்னேற்றம். ஆயினும் நிரந்தரப் பணியில் இருப்பவரே அதைக் கேட்க முடியும். வேலை கிடைப்பதற்கு முன்பு நிற்கும் அந்த இடைவெளியில் அது எட்டாது. உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் 2008 முதல் நடத்தும் இந்தியா அலையன்ஸ் அமைப்புதான் இவற்றுள் மிகச் சிறந்தது என்பேன். வயது வரம்பில்லை, நிரந்தரப் பணி கட்டாயமில்லை, ஐந்தாண்டு நிதி. அதன் மூன்றாம் கட்டத்துக்கு 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. ஆனால் காசநோய் முதல் புற்றுநோய் வரை மருத்துவ உயிரியல் முழுவதும் அந்த ஒரே வாசலில் வரிசை நிற்கிறது.

நிதியின் கால அளவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தத் துறையில் பணத்தைவிடக் காலமே முதலில் தீர்ந்துபோகிறது. நோயாளி ஒருவரின் ரத்த அணுக்களை அல்லது தோல் அணுக்களை எடுத்து, அவற்றை எவ்வகை அணுவாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்களாக மாற்றி, அவை சீராக உள்ளனவா என்று சோதிக்கப் பல மாதங்கள் ஆகும். அவற்றை டோபமைன் சுரக்கும் நரம்பணுக்களாக வளர்த்து முதிரச் செய்ய மேலும் இரண்டு மாதங்கள் பிடிக்கும். 37 டிகிரி வெப்பமும் 5 விழுக்காடு கரியமிலவாயுவும் மாறாமல் இருக்கும் பெட்டிக்குள் அவை வளர வேண்டும்; ஞாயிறும் பொங்கலும் பாராமல் யாரேனும் ஒருவர் வந்து ஊட்டநீரை மாற்ற வேண்டும்; ஒருநாள் மின்சாரம் போய் மாற்று ஏற்பாடும் கைகொடுக்காவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எலிகளில் செய்வதானால், இந்த நோயில் மூளை அணுக்களுக்குள் திரளும் ஆல்ஃபா சைனியூக்ளின் புரதத்தின் இழைத்துகள்களை மூளையில் செலுத்தியபின், அணுக்கள் மடிந்து நடமாட்டம் குறைவதைப் பார்க்க ஏறத்தாழ ஆறு மாதங்கள் காத்திருக்க வேண்டும். மத்திய அரசின் அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் வழங்கிவந்த தொடக்க நல்கை இரண்டே ஆண்டுகளுக்கானது. இரண்டாண்டில் இத்தகைய சோதனையை ஒருமுறை செய்து முடிக்கலாம். அதை மறுபடி செய்து சரிபார்த்து எழுத முடியாது.

என்னிடம் இளநிலைப் பட்டம் படித்த மாணவி ஒருவர் வெளிநாட்டில் முதுமுனைவர் ஆய்வை முடித்து, இங்கே ஒரு நிறுவனத்தில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தார். நல்கை ஒப்புதலான கடிதம் வந்து வெகுநாள் கழித்தே முதல் தவணை வந்தது. அணு வளர்ப்புப் பெட்டிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரி, விலைப்புள்ளி வழங்கியவர்கள் மூன்று பேர் இல்லை என்று திருப்பியனுப்பப்பட்டு, மீண்டும் கோரி, பெட்டி வந்து சேர்ந்தபோது நிதியாண்டு முடிந்துவிட்டது. அந்த ஆண்டில் செலவாகாத பணம் திரும்பிப் போயிற்று. பயன்பாட்டுச் சான்றிதழ் தந்த பிறகே அடுத்த தவணை. ஆய்வு மாணவருக்கு உதவித்தொகை பல மாதங்கள் வரவில்லை. அவர் ஊர் திரும்பிவிட்டார். அணுக்கள் முதிரத் தொடங்கிய வேளையில் நல்கையின் காலம் முடிந்தது. அந்த மாணவி இப்போது நன்றாகப் பாடம் நடத்துகிறார். நடுக்குவாதத்தில் அவர் தொடங்க நினைத்த ஆய்வு நடக்கவில்லை.

கொள்முதல் விதிகளை மத்திய நிதி அமைச்சகம் 2025 ஜூன் மாதம் தளர்த்தி, அரசின் இணையச் சந்தைக்கு வெளியேயும் அறிவியல் கருவிகளை வாங்கிக்கொள்ள ஆய்வு நிறுவனத் தலைவர்களுக்கு அதிகாரம் அளித்தது நல்ல முடிவு. ஆனால் அரசு ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு இருந்த 5 விழுக்காடு ஜிஎஸ்டி சலுகை 2022 ஜூலையில் நீக்கப்பட்டு, பெரும்பாலானவற்றுக்கு அப்போது வரி 18 விழுக்காடாக உயர்ந்தது. ஒரு கையால் தரும் நல்கையில் ஒரு பகுதியை அரசே மறுகையால் எடுத்துக்கொள்கிறது. முதுநிலை விஞ்ஞானிகள் பல திட்டங்களுக்கிடையே இதைச் சமாளிப்பார்கள். ஒரே ஒரு நல்கையோடு தொடங்குபவர் என்ன செய்வார்?

வெளிநாடுகளில் நல்ல ஆய்வு நடக்கிறதே, மருந்து வந்தால் நமக்கும் கிடைக்கத்தானே போகிறது என்று சிலர் கேட்கலாம். நைஜீரியாவில் நடந்ததைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். நடுக்குவாதத்தின் மரபணுக் காரணங்களைப் பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடமே தேடிக்கொண்டிருந்தார்கள். லாகோஸ் நகரின் மருத்துவர்களும் லண்டன் ஆய்வாளர்களும், உலகளாவிய பார்க்கின்சன் மரபணுத் திட்டத்தின் துணையோடு, நைஜீரிய நோயாளிகளையும் ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் ஆராய்ந்து 2023இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஜிபிஏ1 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் அவர்களிடம் பரவலாக இருக்கிறது. அது ஒரு பிரதியாக இருந்தால் நோய் வரும் வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்கும், இரு பிரதியாக இருந்தால் மூன்றரை மடங்கும் கூடுகிறது. ஐரோப்பியரிடம் அந்த மாற்றம் அநேகமாக இல்லை. எத்தனை ஆயிரம் ஐரோப்பியரைச் சோதித்திருந்தாலும் அது கண்ணில் பட்டிருக்காது.

நம்மிடமும் இப்படிப்பட்ட கேள்விகள் காத்திருக்கின்றன. மேலைநாடுகளில் இந்த நோய்க்குக் காரணமாக அதிகம் பேசப்படும் எல்ஆர்ஆர்கே2 மரபணுவின் ஜி2019எஸ் மாற்றம் இந்திய நோயாளிகளிடம் மிக அரிதாகவே காணப்படுகிறது. அப்படியானால் நம் நோயாளிகளிடம் காரணம் எது? பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் மருத்துவர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில், நோயில்லாத இந்தியர்களின் கருந்திட்டுப் பகுதியில் நிறமியுள்ள நரம்பணுக்கள் பிரிட்டன் நாட்டவரைவிடக் குறைவாக இருப்பதையும், முதுமையால் அவை மேலும் குறைவதில்லை என்பதையும் கண்டார்கள். அணுக்கள் குறைவாக இருந்தும் நோய் ஏன் அதற்கேற்ப மிகுந்து காணப்படவில்லை என்பது அரிய புதிர். 1988இல் மும்பைப் பார்சிக் குடியிருப்புகளில் வீடுவீடாகச் சென்று எடுத்த கணக்கில் லட்சம் பேருக்கு 328 பேர் இந்த நோயோடு இருந்தனர். நாட்டின் வேறு பகுதிகளில் எடுக்கப்பட்ட கணக்குகளில் கிடைத்த அளவு இதைவிட வெகு குறைவு. இந்தியாவின் பல மருத்துவமனைகள் இணைந்து 10,000 நோயாளிகளின் மரபணுக்களைத் தொகுக்கும் முயற்சி சில ஆண்டுகளாக நடைபெறுகிறது. அந்தத் தொகுப்பிலிருந்து கிடைக்கும் ஒவ்வொரு துப்பையும் எடுத்துக்கொண்டு, அது அணுவுக்குள் என்ன செய்கிறது என்று ஆராயத் தனித்தனி ஆய்வகங்கள் தேவைப்படும். அந்த ஆய்வகங்களுக்குத் தலைமை ஏற்க வேண்டியவர்கள் இன்று 30 முதல் 38 வயதில், பெங்களூருவிலும் பாஸ்டனிலும் கேம்பிரிட்ஜிலும் மற்றவர் ஆய்வகங்களில் இருக்கிறார்கள். 2025இல் அமெரிக்காவில் ஆய்வு நல்கைகள் பெருமளவில் நிறுத்தப்பட்டதால், திரும்பி வர எண்ணுவோரும் அவர்களில் இருக்கிறார்கள். நாம் அழைக்க வேண்டிய தருணம் இதுவே.

நான் வேண்டுவது பெரிய தொகையன்று. நாடாளுமன்றம் 2023இல் இயற்றிய சட்டத்தின் வழி அமைந்த அனுசந்தான் அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் திரட்டப்படும் என்று அரசு அறிவித்தது. அதில் பெரும்பகுதியைத் தனியார் துறையிடமிருந்து எதிர்பார்க்கிறது. பார்க்கின்சன் நோய்க்கும் அதையொத்த நரம்புச் சிதைவு நோய்களுக்கும் ஆண்டுக்குப் பத்து இளம் விஞ்ஞானிகளைத் தேர்ந்து, ஆளுக்கு ஐந்தாண்டுகளுக்கு 2 கோடி ரூபாய் தருவதாக வைத்துக்கொண்டால், ஐந்தாண்டுத் தேர்வுகளுக்கும் சேர்த்து 100 கோடி ஆகும். அந்த 50,000 கோடியில் அது ஐந்நூற்றில் ஒரு பங்கு. நல்கை ஆளுக்கு உரியதாக இருக்க வேண்டும். முதுமுனைவர் காலத்தின் கடைசி ஆண்டிலேயே தொடங்கி, பணி கிடைக்கும் நிறுவனத்துக்கு அவரோடு செல்ல வேண்டும். வயதை வரம்பாக வைக்காமல், முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆண்டுகளைக் கணக்கிட்டு, மகப்பேற்றுக்கும் பெற்றோரைக் கவனிக்கவும் விட்ட காலத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். மார்ச் 31இல் பணம் திரும்பிப் போகும் விதியிலிருந்து இந்நல்கைக்கு விலக்கு வேண்டும். இவற்றுள் முதல் நிபந்தனையே உயிர்நாடி. மற்றவை இல்லாமல் போனாலும் அது மட்டும் விடுபடக் கூடாது.

மருத்துவர்களை இதில் தனியே குறிப்பிட்டாக வேண்டும். அரசு மருத்துவமனையில் பணியாற்றும் இளம் நரம்பியல் மருத்துவர் ஒருவர் காலையில் புறநோயாளிகளைப் பார்த்து முடிக்கும்போது மதியம் கடந்திருக்கும். நோயாளியை நேரில் காணும் அவருக்குத் தோன்றும் கேள்வி, ஆய்வகத்தில் இருப்பவருக்குத் தோன்றாது. அவருடைய வாரத்தில் இரண்டு நாள்களை ஆய்வுக்கென ஒதுக்கி, அந்நாள்களில் அவர் இடத்தில் பணியாற்ற இன்னொரு மருத்துவருக்கான ஊதியத்தையும் நல்கையே தர வேண்டும். இதைத் தமிழ்நாடு அரசு மத்திய அரசுக்குக் காத்திராமல் தன் மருத்துவக் கல்லூரிகளில் தானே தொடங்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 8.6 விழுக்காடாக இருந்தபோது தமிழ்நாட்டில் 10.4 விழுக்காடு இருந்தனர். முதுமையோடு பெருகும் இந்த நோய் மற்ற பல மாநிலங்களைவிட நமக்கு முன்னதாகவே சுமையாகும்.

ஆய்வுக்கும் வளர்ச்சிக்கும் நம் நாடு செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு என்பதே 2020-21ஆம் ஆண்டின் அரசுக் கணக்கு. அந்த அளவு உயர வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. உயரும்வரை காத்திருக்கத்தான் இந்த விஞ்ஞானிகளுக்கு வயதில்லை. ஆகவே, அனுசந்தான் அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அடுத்த விண்ணப்ப அறிவிப்பிலேயே இத்தகைய நல்கை ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்றும், வரும் கூட்டத்தொடரில் நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அறிவியல் தொழில்நுட்பத் துறை அமைச்சரிடம் இதைக் கேள்வியாக எழுப்ப வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் பேராசிரியை,
திருச்சிராப்பள்ளி.